பந்தித் தட்டு எங்கள் அம்மாவைத் தாண்டிப் போன ஞாயிறு: சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாஸ்டர் ஐயாவுக்கும் மூப்பர் அண்ணன்மாருக்கும் ஸ்தோத்திரம்.

சபையின் பெயரையும் ஊரின் பெயரையும் இதில் எழுதப்போவதில்லை, படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வந்தேன் ஐயா, இரண்டு தடவை வந்தேன். முதல் தடவை உபவாச ஜெபம் நடக்கிறது, அப்புறம் வா என்றீர்கள். இரண்டாவது தடவை "நகை கூடாதுன்னு வசனத்துல இருக்கு தங்கச்சி, நாங்க என்ன செய்ய?" என்று வாசலிலேயே முடித்துவிட்டீர்கள். வேறு சபைகளிலும் இதே கதைதான் என்று கேள்விப்படுகிறேன், அந்த மூப்பர்மாரும் படிக்கட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன்.

எங்கள் அம்மா பீடி சுற்றுகிறாள். முப்பது வருடமாகச் சுற்றுகிறாள். அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறார், சபைக்கு வரமாட்டார், ஆனால் அம்மாவைப் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மாவுக்குப் பழைய பாஸ்டர் ஐயா, அதுதான் சைக்கிளில் வருவாரே அவர், தாமிரபரணியில் ஞானஸ்நானம் கொடுத்தார். அன்றைக்கு அவள் காதில் கம்மல் இருந்தது, கழுத்தில் மஞ்சள் கயிறும் இருந்தது. கரையில் நின்ற யாரோ கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அம்மா இன்றைக்கும் சொல்வாள்: "கர்த்தர் சொன்னா கழத்தட்டும், நான் சொல்லிக் கழத்த வேண்டாம்."

அந்தக் கம்மலைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரைப் பவுன். எங்கள் ஆச்சி கொடுத்தது. அது அம்மாவின் காதில் இருந்த நாட்களைவிட அடகுக்கடைப் பெட்டியில் இருந்த நாட்கள்தான் அதிகம் இருக்கும். எனக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்தபோது போனது, ஓடு மாற்றியபோது போனது, நான் கல்லூரியில் சேர்ந்தபோது போனது. போகிற ஒவ்வொரு தடவையும் துளை தூர்ந்துபோகாமல் இருக்க வாரியலிலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்துக் காதில் சொருகிக்கொள்வாள். எங்கள் தெருவில் ஜூன் மாதம் பாதிப் பெண்களின் காதில் ஈர்க்குச்சிதான், பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் அல்லவா. வங்கியில் கணக்கு வைத்திருக்கிறவர்களுக்கு நகை ஆடம்பரமாகத் தெரியலாம். எங்களுக்கு அந்த அரைப் பவுன்தான் வங்கி, இன்ஷூரன்ஸ், எல்லாம்.

தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கக் கடைசியாக அடகுக்குப் போனது. அந்த டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில்தான் பெரிய மூப்பர் அண்ணன் அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார். "இந்தச் சகோதரியைப் பாருங்கள், உலகத்தின் மினுமினுப்பை உதறித் தள்ளிவிட்டார்கள், கர்த்தருக்காகக் காதை வெறுமையாக்கியிருக்கிறார்கள்." எல்லோரும் கை தட்டினீர்கள், ஒரு பாட்டும் பாடினீர்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்புட்டு பேர் முன்னால, சேட்டு கடையில இருக்குன்னு எப்படிட்டி சொல்ல?"

உங்களுக்கு அது அந்த ராத்திரியோடு முடிந்தது. அம்மாவுக்கு முடியவில்லை. தன் பெயரில் ஒரு பொய் சாட்சி சபையில் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேலும் விளக்கடியில் இலை வெட்டிக்கொண்டிருந்தாள், வட்டியோடு சேர்த்து அடைத்து நாலு மாதத்தில் மீட்டுவிட்டாள். மீட்டதும் பெட்டியில் வைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது, சபையில் நல்ல பெயரும் அப்படியே இருந்திருக்கும். அவள் அதைப் போட்டுக்கொண்டு நேரே ஞாயிறு ஆராதனைக்கு வந்தாள். ஏன் தெரியுமா? "போடலன்னா நான் பொய்காரில்லா?"

அன்றைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு, பந்தி நாள், இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் எடுக்கிற நாள். அப்பத் தட்டு வரிசையாக வந்தது. அம்மாவுக்கு முன்னால் இருந்த அக்கா எடுத்தாள். தட்டு பிடித்த தம்பி அம்மாவின் காதைப் பார்த்தான், உங்களைத் திரும்பிப் பார்த்தான், நீங்கள் வேண்டாம் என்று தலையை ஆட்டினீர்கள், தட்டு அம்மாவைத் தாண்டி அடுத்த ஆளிடம் போனது. பாத்திரமும் அப்படியே. நீட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நான் எடுத்த அப்பம் என் கையிலேயே இருந்தது, எனக்கு இறங்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் காரணம் சொன்னீர்கள். நகை அணிகிறவர்களுக்குப் பந்தி இல்லை என்று கமிட்டியில் தீர்மானம் போட்டாயிற்றாம். தாலிக்கயிறையும் சேர்த்துச் சொன்னீர்கள். அம்மா அதற்கு மட்டும் வாய் திறந்தாள்: "இது அவுகளுக்காகக் கட்டியிருக்கேன் ஐயா, அவுக நல்லா இருக்காகல்லா." சி.எஸ்.ஐ.யிலும் ரோமன் கத்தோலிக்கச் சபையிலும் சிலுவை போட்ட தாலியே கட்டுகிறார்கள், அது அவர்கள் வழி, போகட்டும். இரட்சிக்கப்படாத புருஷனோடு சமாதானமாகக் குடும்பம் நடத்து என்று பிரசங்கம் செய்துவிட்டு, அவர் கட்டின கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு வா என்றால் அந்த மனிதர் எப்படி ஐயா இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்?

சரி, வசனத்துக்கு வருவோம். வசனம்தான் உங்கள் பதில் என்றீர்களே.

1 பேதுரு 3ஆம் அதிகாரம். "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய புறம்பான அலங்கரிப்பு" என்று மூன்று காரியம் ஒரே மூச்சில் வருகிறது. நம் சபையில் பின்னல் போடாத பெண்பிள்ளை யார்? ஞாயிறு பள்ளியில் ரெட்டைச்சடை போட்டு அனுப்பச் சொல்வதே பாஸ்டரம்மாதான். உயர்ந்த வஸ்திரம் என்றால், முன்வரிசையில் உட்காருகிற வெள்ளைப் பட்டுச் சேலைகளின் விலையை ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள், எங்கள் அம்மாவின் கம்மலை மூன்று தடவை அடகு வைத்தாலும் அந்தத் தொகை வராது. மூன்றில் நடுவிலிருக்கிற ஒன்றை மட்டும் உருவி எடுத்துச் சட்டமாக்கியது யார்? இன்னொன்று, கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் "உயர்ந்த" என்ற சொல்லே கிடையாது, வெறும் வஸ்திரம் உடுத்துதல் என்றுதான் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டால் துணியே உடுத்தக்கூடாது என்று ஆகிவிடும். அப்படி யாரும் படிக்கமாட்டோம், பேதுரு எதைச் சொல்ல வருகிறார் என்று புத்தியோடு படிப்போம். அந்தப் புத்தியைக் கம்மலுக்கும் கொஞ்சம் செலவழிக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

யாக்கோபு கர்வாலி மரத்தடியில் காதணிகளைப் புதைத்தான் என்று நீங்கள் சொல்வீர்கள், கெட்ட குமாரன் திரும்பி வந்தபோது தகப்பன் அவன் கைக்கு மோதிரம் போடச் சொன்னானே என்று நான் சொல்வேன். இஸ்ரவேல் ஜனங்கள் கும்பிடக் கன்றுக்குட்டி செய்யவும் பொன் காதணியைத்தான் கழற்றினார்கள், பிறகு தேவனை ஆராதிக்க ஆசரிப்புக் கூடாரம் கட்டவும் அதே ஜனங்கள் அதே மாதிரி நகைகளைத்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். இப்படி ஆளுக்கொரு வசனத்தை எறிந்துகொண்டிருக்க எனக்கு ஆசையில்லை. பந்தியைப் பற்றிய வசனத்தை மட்டும் சேர்ந்து வாசிப்போம், ஏனென்றால் தட்டைத் தடுத்தது அங்கேதான்.

ஒவ்வொரு பந்தி ஞாயிறும் 1 கொரிந்தியர் 11ஐ நீங்கள் வாசிக்கிறீர்கள். 23ஆம் வசனத்தில் ஆரம்பிப்பீர்கள். "அபாத்திரமாய்" என்கிற இடம் வந்ததும் குரல் உயரும். அதற்கு அடுத்து "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று இருக்கிறது. தன்னைத்தானே. தட்டு பிடிக்கிற தம்பி பக்கத்து ஆளின் காதைச் சோதித்தறியட்டும் என்று பவுல் எழுதவில்லை. அதுகூடப் பெரிதில்லை, நீங்கள் வாசிக்காமல் விடுகிற முந்தின வசனங்களைப் பாருங்கள். கொரிந்து சபையில் பவுலுக்கு வந்த கோபம் எதற்கு? வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள், கூலிவேலை முடிந்து பிந்தி வருகிறவன் பசியோடு நிற்கிறான். "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" இது 22ஆம் வசனம், நீங்கள் ஆரம்பிக்கிற இடத்துக்கு நேர் மேலே. அபாத்திரம் என்று அவர் சொல்கிற பேச்சே இல்லாதவர்களை வெட்கப்படுத்தினதிலிருந்து தொடங்கியதுதான். இதைப் பல தடவை படித்துப் பார்த்துவிட்டேன். அந்த ஞாயிறு அபாத்திரமாய்ப் பந்தியில் இருந்தது எங்கள் அம்மாவா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

எளிமையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நகை வேண்டாம் என்கிற பழக்கம் சும்மா முளைத்ததில்லை என்று எனக்குத் தெரியும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆடம்பர உடுப்பை எதிர்த்துப் பேசினபோது அவர் கணக்கு நேராக இருந்தது: அந்தக் காசு பசித்தவனுக்குச் சேர வேண்டியது. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் எழும்பினபோது அந்தக் கூட்டத்தை நடத்திய வில்லியம் சீமோர் அடிமைகளாக இருந்தவர்களின் மகன். குதிரை கட்டவும் சாமான் போடவும் பயன்பட்டுக்கொண்டிருந்த பழைய கட்டடம், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு மரப்பெட்டிதான் பிரசங்க பீடம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே இடத்தில் முழங்கால் போட்டார்கள், அந்தக் காலத்து அமெரிக்காவில் அது சாதாரணக் காரியம் இல்லை. கழுத்தில் தங்கம் கிடக்கிறவளும் இல்லாதவளும் பக்கத்தில் உட்கார்ந்தால் இல்லாதவள் கூசக்கூடாது, அதற்காக இருக்கிறவள் கழற்றி வைக்கட்டும், அதுதானே இந்தப் பழக்கத்தின் அழகு. நம் சபையிலேயே ஓய்வுபெற்ற நர்ஸ் அத்தை ஒருவர் இருக்கிறார், உங்களுக்குத் தெரியும். யாரும் சொல்லாமல் தன் வளையல் இரண்டையும் விற்று ஒரு பிள்ளையின் டயாலிசிஸுக்குக் கொடுத்தார், அப்புறம் வளையல் போடவே இல்லை. அவரை யாரும் மேடையில் எழுப்பிக் கை தட்டவில்லை, அவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அவர் கழற்றியதும் நீங்கள் கழற்றச் சொல்வதும் பார்வைக்கு ஒன்றுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் நாகர்கோவிலில் படித்தபோது தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்று இருந்த காலம். கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்கிற மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது, மிஷனெரிமாரின் மனைவியர் தைத்துக் கொடுத்தார்கள், போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களின் துணியை மேல்சாதிக்காரர்கள் கிழித்தார்கள், ஆலயங்களையும் பள்ளிகளையும் கொளுத்தினார்கள். 1822இல் கிளம்பிய கலவரம் விட்டு விட்டு 1859 வரை போனது. அந்த வருடம் ஜூலை 26ஆம் தேதி மகாராஜாவின் பிரகடனம் வந்தபோதுகூட மேலே துணி போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது என்றுதான் வந்தது. வெளித்தோற்றம் அற்பக் காரியம் என்று அந்தப் பெண்களிடம் போய்ச் சொல்ல முடியுமா? குப்பாயம் அவர்களை நிமிர்ந்து நடக்க வைத்தது. இந்த நாட்டுச் சபைக்கு உடுப்பு விஷயத்தில் அப்படி ஒரு நல்ல பெயர் இருக்கிறது, ஒரு ஏழைப் பெண்ணின் உடம்பில் என்ன இருக்கலாம் என்று மற்றவர்கள் தீர்மானித்ததை எதிர்த்து அவள் பக்கத்தில் நின்ற பெயர். இப்போது ஒரு ஏழைப் பெண்ணின் காதில் என்ன இருக்கலாம் என்று நாமே தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது வயிற்றைக் கலக்குகிறது ஐயா.

சொல்ல ஆரம்பித்துவிட்டேன், மனதில் கிடக்கிற மற்றதையும் சொல்லிவிடுகிறேன். பீடி பாவத் தொழில் என்று ஒரு தடவை பிரசங்கம் செய்தீர்கள். அதற்கு அடுத்த வாரம் அம்மா வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்த தசமபாகக் கவரைக் கொண்டுவந்தபோது எந்தத் தொழிலில் வந்த காசு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, கேட்காதவரை நல்லது, ஆனால் கவர் வாங்குகிறபோது மூடிக்கொள்கிற கண் தட்டு நீட்டுகிறபோது திறந்துகொள்கிறதே.

கல்யாணப் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கூட்டத்தில் பெண்ணுக்கு நகை போடுவதில்லை, ரொம்பப் பரிசுத்தம். அதற்குப் பதில் எத்தனை பவுன் போட்டிருப்பீர்களோ அதைப் பணமாகக் கொடுத்துவிடுங்கள், அல்லது மனையாக எழுதிவிடுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டது என் காதால் கேட்டது, நடுவில் உட்கார்ந்து பேசி முடித்தவர் ஒரு மூப்பர். மணமகள் தேவை விளம்பரத்தில் இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, நகை அணியாத என்று வரிசையாகப் போட்டுவிட்டு அதற்குக் கீழே சாதியைப் போடுகிறார்கள். தங்கத்தைக் கழற்ற முடிகிறது, அதைக் கழற்றத்தான் முடியவில்லை. வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிப் பகுதி வைத்து, பேன்ட் மாதிரி இரண்டு காலாகப் பிரித்து 19ஆம் நூற்றாண்டில் கோயில் கட்டினார்களே, அந்தக் கதையைச் சொல்லி ரோமன் கத்தோலிக்கர்களைக் கிண்டல் செய்வீர்கள். அவர்கள் அந்தத் தடுப்பை இடித்தார்கள், இடித்ததற்காக வழக்கையும் சந்தித்தார்கள். நம்முடையது கண்ணுக்குத் தெரிகிற சுவராக இல்லாததால் இடிக்க வேண்டிய தொல்லையும் இல்லை.

அங்கி, மெழுகுவர்த்தி, ஆர்கன் எல்லாம் வெறும் சடங்கு என்று சொல்லித்தான் பெரிய சபைகளை விட்டுப் பிரிந்து வந்தோம். இப்போது நமக்கென்று ஓர் அங்கி வந்துவிட்டது, வெள்ளை. வெறுங்காது, வெறுங்கழுத்து, வெள்ளைச் சட்டை, இந்த மூன்றையும் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது, உள்ளே பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. ராஜாவாக வேண்டியவனைத் தேடி ஈசாயின் வீட்டுக்குப் போன சாமுவேலே மூத்தவனின் முகத்தையும் உயரத்தையும் பார்த்து இவன்தான் என்று நினைத்துவிட்டான், அவ்வளவு பெரிய தீர்க்கதரிசிக்கே கண் ஏமாற்றிவிட்டது. "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்று புதிய மேடையில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறீர்கள், அந்த எல்.இ.டி. திரைக்கு நேர் மேலே. ஈர்க்குச்சியைப் பார்த்துக் கை தட்டினபோதும் கம்மலைப் பார்த்துத் தட்டைத் தாண்டவிட்டபோதும் நீங்கள் பார்த்தது ஒரே இடத்தைத்தான், ஒரு பெண்ணின் காது மடலை. இரண்டு தடவையும் தவறிப்போனீர்கள். முதல் தடவை அவள் அடகு வைத்திருந்தாள், நீங்கள் அர்ப்பணிப்பு என்றீர்கள். இரண்டாவது தடவை அவள் உண்மையாக இருக்க வந்தாள், நீங்கள் உலகத்துக்குத் திரும்பிவிட்டாள் என்றீர்கள்.

மேடையில் மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் கேட்கவில்லை, அப்படி ஏதாவது செய்தால் அம்மா வெட்கத்தில் சபைக்கே வரமாட்டாள். இந்த மடல் எழுதுவதே அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் என்னைத்தான் திட்டுவாள், உங்களை ஒரு சொல் சொல்லவிடமாட்டாள். அந்த ஞாயிறு ராத்திரிகூட வழக்கம்போல உங்கள் பேரையும் பாஸ்டரம்மா பேரையும் சொல்லித்தான் ஜெபித்தாள், எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

கமிட்டித் தீர்மானத்தை எடுத்துவிடுங்கள். அதற்கு நேரமாகும், கூட்டம் போட வேண்டும், நாலு பேர் எதிர்ப்பார்கள் என்றால் அது உங்கள் பாடு. நான் கேட்பது சின்னக் காரியம். வருகிற ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. அம்மா வருவாள், கம்மலோடுதான் வருவாள். ஜூன் வந்தால் தம்பிக்கு அடுத்த வருட ஃபீஸ் கட்ட வேண்டும், மறுபடியும் ஈர்க்குச்சியோடு வந்தாலும் வருவாள். பெண்கள் பக்கம் கடைசிப் பாயில், செருப்பு விடுகிற வாசலை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். தட்டு பிடிக்கிற தம்பி சின்னப் பையன், அவன் மேல் தப்பில்லை, யாரையாவது பார்த்துத்தான் செய்வான். அவனிடம் மட்டும் சனிக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைசிப் பாயில் உட்காருகிற அந்தச் சகோதரியின் மகள்